பங்காருபாளையத்தில் படுத்துக்கொண்ட கம்ப்யூட்டர்

"மொதல்ல ஸ்விட்ச் போட்டது யாரு?"

மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் முதலாளி இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. என் கணவரிடம் கேட்டார். நான் அவர்களுக்குப் பக்கத்திலேயே, மூடி கழற்றிய கம்ப்யூட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். கேள்வியின் அர்த்தம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. சில நாட்களுக்கு முன்னால் அதே அறையில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, புது மிஷினுக்குப் பூஜை போட்டபோது, "ஆன் பண்ணும்மா" என்று முதலாளியே சொல்லி, நான்தான் பொத்தானை அழுத்தினேன். அன்றைக்குக் காலையில் மிஷின் ஓடியது. மத்தியானம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மிஷினை எழுப்பும் டாஸ் என்ற புரோகிராமை எத்தனை முறை ஏற்றினாலும் தங்கவில்லை.

"மிஷினுக்கு அதெல்லாம் இன்னா தெரியும்ங்க?" என்று என் கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்தார். "அடுத்த தடவ நானே போடறேங்க" என்றார்.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

எண்பதுகளின் கடைசி அது. நான் சித்தூர்க்காரி. மிஷன் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். நைனா, அதாவது அப்பா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் பி.எஸ்ஸி. முடித்து, மெட்ராஸில் விடுதியில் தங்கி கம்ப்யூட்டர் படித்தேன். படிக்கும்போது எங்கள் வகுப்பில் பெண்கள் நாலைந்து பேர்தான். என் கணவர் புத்தூர்ப் பக்கம். ரேடியோ, டி.வி. ரிப்பேரில் கை தேர்ந்தவர், திருப்பதியில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம். மெட்ராஸிலிருந்து பாகங்களை வாங்கிவந்து அவர் பெட்டியைக் கட்டுவார். நான் அதில் டாஸ் ஏற்றி, கணக்குப் போடும் புரோகிராமை எழுதிக் கொடுப்பேன். வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டது நல்ல யோசனை என்றுதான் அப்போது நினைத்தோம். அதில் ஒரு சனியன் ஒளிந்திருந்தது. மிஷின் ஓடாவிட்டால், குற்றம் யாருடையது என்று சண்டை போடவும் அதே பிரிவினை வசதியாக இருந்தது.

பங்காருபாளையத்து ஃபேக்டரிதான் எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மாம்பழ சீசனில் அங்கே லாரிகள் வரிசையாக நிற்கும். எந்தத் தோட்டத்துப் பழம், எவ்வளவு எடை, எத்தனை டின் வெளியே போனது என்ற கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் போட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. பெங்களூரில் யாரோ வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

திருப்பதி வீட்டில்தான் அந்த மிஷினைக் கட்டினோம். பகலில் கரண்ட் ஏறி இறங்கும். லாட்ஜ்களில் எல்லாம் மின்விசிறி ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு பல்பு சுருங்கிப்போகும். விடிகிற நேரத்தில்தான் கரண்ட் ஒழுங்காக இருக்கும். அதனால் என் வேலையை நான் எப்போதும் விடியற்காலையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வேன்.

அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் செங்கல் கனம் இருக்கும். புதிதாக வரும்போது அதற்குள் இருப்பது வெறும் தகடு. முதலில் அந்தத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத கோடுகளைப் போட வேண்டும். வட்ட வட்டமான கோடுகள். கோடு போட்ட பிறகுதான் அதன்மேல் டாஸை ஏற்ற முடியும். மிஷின் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் டிஸ்க்குக்குள் இருக்கும் சின்ன முள் அந்தக் கோட்டைத் தேடிப்போய், அதிலுள்ளதைப் படிக்கும். கோடு அகப்படாவிட்டால் டாஸ் இல்லை. டாஸ் இல்லாத கம்ப்யூட்டரும் தகரப் பெட்டியும் ஒன்றுதான்.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கோடு போட்டேன், டாஸ் ஏற்றினேன், புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பழைய சேலையில் சுற்றி, ஜீப் பிடித்து, சித்தூர் வழியாகப் பங்காருபாளையத்துக்குக் கொண்டுபோனோம்.

எங்களுக்குக் கொடுத்த அறைக்குத் தகரக் கூரை. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் புறம் பழம் வேகவைக்கும் கூடம். கொதிக்கிற கூழின் வாசனையும், ஈயும், ஆவியும் சேர்ந்து வரும். மே மாதம். உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியின் முதுகு நனைந்துவிடும். காலை நேரத்தில் பூஜை நடந்தது, மிஷின் ஓடியது, முதலாளியின் பேர் திரையில் வந்தது, எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி: 'செக்டர் நாட் ஃபவுண்ட்.' படிக்க வேண்டிய இடம் அகப்படவில்லை என்று அர்த்தம். அணைத்து மறுபடி போட்டேன். இந்தத் தடவை டாஸே எழவில்லை.

ஃபேக்டரியின் கணக்குப்பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என் பேனாவுக்கு கரண்டும் தேவையில்ல, பூஜையும் தேவையில்லம்மா" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கு எல்லார்மேலும் வந்தது.

மறுநாள் காலை அங்கேயே உட்கார்ந்து டாஸை மறுபடி ஏற்றினேன். ஏறியது. மத்தியானம் விழுந்தது. என்னிடமிருந்த ஃப்ளாப்பியில் கோளாறாக இருக்குமோ என்று வேறு ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றினேன். அதுவும் விழுந்தது. என் கணவர் கேபிள்களைக் கழற்றி மாட்டினார். ஸ்டெபிலைசரை மாற்றினார். டிஸ்க்கை ஓட்டும் கார்டைப் பிடுங்கி, ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து, வேறு இடத்தில் செருகினார். ஒன்றும் ஆகவில்லை. சலித்துப்போய் மிஷினைத் திருப்பதிக்கே எடுத்துக்கொண்டு வந்தோம். விடியற்காலையில் போட்டேன். கோடு போட்டு, டாஸ் ஏற்றி, அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது.

"பாத்தியா, நம்ப ஊட்ல நல்லா ஓடுது" என்றார் அவர். "அங்க போனா நீ ஏதோ தப்பாப் பண்ற."

"நான் இங்க பண்ணதத்தான் அங்கயும் பண்றேன்."

"அப்பறம் ஏன் அங்க ஓடல?"

"அத்த நான் உங்களக் கேக்கணும். பொட்டி உங்களுது."

மறுபடி ஜீப், மறுபடி பங்காருபாளையம். இந்த முறை போய்ச்சேரும்போதே வெயில் ஏறிவிட்டது. டாஸ் எழவில்லை. சரி, டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்று பார்த்தால், அழிக்கும் வேலை பாதியில் நின்று, 'ட்ராக் ஜீரோ பேட், டிஸ்க் அன்யூசபிள்' என்றது. முதல் கோடே கெட்டுவிட்டது, இந்த டிஸ்க் இனி உதவாது என்று அர்த்தம்.

"பாருங்க, அதுவே சொல்லுது. டிஸ்க்குதான் கெட்டுப்போயிருக்கு" என்றேன்.

அந்த நேரத்தில்தான் முதலாளி உள்ளே வந்து, மேலே சொன்ன கேள்வியைக் கேட்டார். என் கணவர் சிரித்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனேன். அந்தக் கேள்வியைவிட அந்தச் சிரிப்புதான் என்னை எரித்தது. முதலாளிக்கு நான் யாரோ. இவருக்கு நான் யார்? ராத்தூக்கம் கெட்டு இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய மிஷின். அதில் என் கை பட்டதுதான் தோஷம் என்று ஒருவர் சொல்கிறார், இவர் பல்லைக் காட்டுகிறார்.

மாம்பழத் தோல் மலையாகக் குவிந்திருந்த இடத்தில், ஈக்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"இன்னா இப்ப? பெரிய மனுஷன் ஏதோ சொன்னாரு. நாம சிரிச்சிக்கினு போவணும். வேலை கொடுக்கறவரு."

"என்னச் சொன்னாரு. அதனால உங்களுக்குச் சிரிப்பு வருது."

"சண்ட போட்டா மிஷினு ஓடிடுமா?"

"சிரிச்சா ஓடிடுமா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டிஸ்க் விற்ற மெட்ராஸ் கடைக்காரருக்கு நானே எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார் இருக்காராம்மா? சார்கிட்ட குடுங்க" என்றார்.

"டாஸ் ஏத்தறது நான்தான். என்கிட்ட பேசுங்க."

"அது இல்லம்மா. டெக்னிகலா கொஞ்சம் பேசணும்."

நான் சொன்னதில் எது டெக்னிகல் இல்லையோ, எனக்குத் தெரியவில்லை. பூத்துக்கு வெளியே நின்றிருந்த என் கணவரிடம் போனை நீட்டினேன். நான் சொன்ன அதே விஷயங்களை, பாதியை விட்டுவிட்டு, அவர் சொன்னார். அந்த ஆள் அவரிடம், டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள், சோதித்துப் பார்க்கலாம் என்றார். இதைச் சொல்லவா ஒரு ஆண்பிள்ளை குரல் வேண்டியிருந்தது?

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் மெட்ராஸ் பஸ் ஏறினார். வடமாலபேட்டை, புத்தூர், நகரி என்று அந்த ரோட்டில் இருந்த அத்தனை குழிக்கும் டிஸ்க்கைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார். அது உண்மையாகத்தான் இருக்கும். பொருட்களை அவர் குழந்தை மாதிரிதான் பார்ப்பார். அதில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் சாயந்தரம் திரும்பி வந்தார். வாசலிலேயே முகம் மலர்ந்திருந்தது.

"டிஸ்க்கு ஒண்ணும் ஆவல. அவரு மிஷின்ல போட்டாரு, கோடு போட்டாரு, டாஸ் ஏத்துனாரு. பகல் முழுக்க ஓட விட்டாரு. ஒரு எரர் இல்ல. அவரு சிரிக்கறாரு என்னப் பாத்து."

"அதனால?"

"அதனால இன்னா? டிஸ்க்கு நல்லா கீது. கார்டு நல்லா கீது. கேபிளு நல்லா கீது. மிச்சம் இருக்கறது உன் வேலதான்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சோற்றுக் கரண்டியைத் தரையில் போட்டேன். அது உருண்டு அவர் காலடிக்குப் போனது. "கல்யாணமே பண்ணிக்காம ரிப்பேர்க் கடையில தனியாவே இருந்திருக்கலாம் இல்ல? எதுக்கு என்ன மெட்ராஸ்ல படிச்சவள்னு தேடிக் கட்டிக்கினீங்க?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலுக்கு வந்து நின்றாள். அவரும் கத்தினார். படித்தவள் என்ற திமிர் என்றார். டாஸை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், பெட்டியைக் கட்டுவதற்குத்தான் கை வேண்டும் என்றார். அப்படியானால் நாளைக்கு நீங்களே ஏற்றுங்கள் என்றேன். ஏற்றுகிறேன் என்றார்.

சொன்னபடியே மறுநாள் காலை வெயில் வந்த பிறகு எழுந்து, பல் விளக்கி, காபி குடித்து, டிஸ்க்கை மாட்டி, என் ஃப்ளாப்பிகளை எடுத்து உட்கார்ந்தார். நான் அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்தேன். மத்தியானத்துக்கு மேல் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் திரையில் அதே 'செக்டர் நாட் ஃபவுண்ட்'. அவர் பெட்டிக்குள் கையை விட்டு டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சனியன், அடுப்பு மாதிரி சுடுது" என்று கையை உதறினார். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் அந்த மிஷின் படுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான் செய்தபோதெல்லாம் ஓடியது. இவர் செய்தபோது நின்றது. முதலில் எனக்கு வந்தது வெறும் சந்தோஷம், கெட்ட சந்தோஷம். அதன் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். நான் விடியற்காலையில் செய்தேன். இவர் வெயிலில் செய்தார். மெட்ராஸ் கடைக்காரர் பகல் முழுக்க ஓட்டியிருக்கிறார், அப்படியானால் பகல் என்பது காரணம் இல்லை.

அவர் படுத்திருந்த இடத்துக்குப் போனேன்.

"அந்த மெட்ராஸ் கடையில ஏசி இருந்துச்சா?"

"இப்ப அது இன்னாத்துக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"இருந்துச்சு. ஸ்வெட்டர் போட்டுக்கினாத்தான் உக்கார முடியும் போல இருந்துச்சு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பொருந்தியது. டிஸ்க் கெடவில்லை. டாஸும் கெடவில்லை. குளிர்ச்சியாக இருக்கும்போது தகட்டில் கோடு போடுகிறோம். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் உலோகம் விரிகிறது. மயிரிழை அளவுதான். அந்த மயிரிழையில் முள் கோட்டைத் தாண்டி வேறு இடத்தில் போய் நிற்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. 'அகப்படவில்லை' என்று அது சொன்னது பொய்யே இல்லை. நாங்கள்தான் அதை நம்பாமல் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தோம்.

அவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இரும்புப் பொட்டிக்கு வெயிலு ஆவாதா? ரேடியோவுக்கெல்லாம் ஆவுதே" என்றார்.

"ரேடியோவுல கோடு இல்ல."

"சொம்மா எதையாவது சொல்லாத. அந்தக் கடக்காரருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

அதற்கு மேல் அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நாளைக்குப் பங்காருபாளையம் போகிறோம், நான் சொல்கிறபடிதான் அங்கே நடக்கும், இல்லையென்றால் நான் சித்தூரில் இறங்கி நைனா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். விடிந்ததும் மிஷினை மறுபடி பழைய சேலையில் சுற்றியது அவர்தான்.

ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் முதலாளி தெலுங்கில் என் கணவரைப் பிடித்துக்கொண்டார். "ஏமய்யா, சீசன் முடிஞ்சப்பறம்தான் ஓடுமா உன் மிஷினு?" இவர் தலையைச் சொறிந்தார். நான் அவர்கள் பேச்சு முடியும்வரை காத்திருக்கவில்லை. மிஷினை வைத்து, மூடியைக் கழற்றி, கணக்குப்பிள்ளை உபயோகிக்கும் மேஜை விசிறியைத் தூக்கிவந்து டிஸ்க்கைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

"எனக்குக் காத்து இல்லாமப் பண்ணிட்டியேம்மா" என்றார் அவர்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க."

விசிறி ஓடியவரைக்கும் மிஷின் ஓடியது. விசிறியை நிறுத்தி, மூடியைப் போட்டு மூடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த கொப்பரை கொதிக்கத் தொடங்கியது. சற்றுப் பொறுத்து மிஷின் நின்றது. மூடியைத் திறந்து விசிறியைப் போட்டேன். ஆறவிட்டு ஆன் செய்தேன். எழுந்தது. இதை என் கணவர் பார்க்கும்படி மறுபடியும் செய்து காட்டினேன். கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார்.

"இப்ப இன்னா பண்ணப் போற? விசிறிய இங்கயே கட்டி வெக்கப்போறியா?"

"இல்ல. நல்லா சூடாவட்டும். சூட்டுலயே கோடு போடப்போறேன்."

"எல்லாம் அழிஞ்சிடும்."

"அழியட்டும். இருக்கறது ஒண்ணும் படிக்க முடியலியே, அத்த வச்சிக்கினு இன்னா பண்றது?"

மூடியைப் போட்டு, மிஷினை ஓடவிட்டு, உச்சி வெயில் தகரத்தில் இறங்கும்வரை காத்திருந்தோம். முதலாளி ஒரு தடவை எட்டிப் பார்த்து, ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று இவரிடம் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். "சூடாவறதுக்குக் காத்துக்கினு இருக்கோம்" என்று நான் சொன்னேன். முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இனி தொட முடியாது என்று தோன்றும் அளவுக்கு டிஸ்க் சூடானதும் வேலையை ஆரம்பித்தேன். கோடு போட்டு முடிய வெகு நேரம் பிடித்தது. கழுத்திலிருந்து வேர்வை வழிந்து கீபோர்டில் சொட்டியது. பிறகு டாஸ். இந்த முறை பாதியில் நிற்கவில்லை. முதல் கோடு கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. அணைத்துப் போட்டேன், எழுந்தது. புரோகிராமைப் போட்டு, வாசலில் நின்ற லாரியின் எடையை அடித்தேன். சாயந்தரம்வரை அந்த அடுப்புக்குள் உட்கார்ந்து அடித்துக்கொண்டே இருந்தேன். நிற்கவேயில்லை.

கணக்குப்பிள்ளையிடம் மட்டும் ஒன்று சொன்னேன். "காலையில வந்ததும் ஆன் பண்ணிட்டு, உடனே வேலைய ஆரம்பிக்காதீங்க. சூடு ஏறட்டும். டீ குடிச்சிட்டு வாங்க." அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீ குடிக்கச் சொல்ற மிஷினு நல்ல மிஷினுதான்" என்றார்.

முதலாளி வந்தார். திரையைப் பார்த்தார், அச்சடித்த தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். என் கணவரின் தோளைத் தட்டினார். "சாதிச்சிட்டய்யா" என்றார். நான் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். 'இவதான் கண்டுபுடிச்சா' என்று என் கணவர் வாயிலிருந்து இப்போது வரும் என்று.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபுடிச்சோம்ங்க" என்றார் அவர்.

'நானே கண்டுபுடிச்சேன்' என்று அவர் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ஓடாத நாளெல்லாம் அது 'உன் வேலை'. ஓடிய நாளில் 'நாங்க ரெண்டு பேரும்'. முதலாளி ஒரு கூடை தோத்தாபுரி மாம்பழம் கொடுத்தார். அதை நான் தொடவில்லை. என் கணவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேவிட்டேன்.

"ரெண்டு பேரும் எப்பங்க கண்டுபுடிச்சோம்?"

"நானும்தான வேர்வையில நின்னேன்? டிஸ்க்கு சுடுதுன்னு மொதல்ல சொன்னது யாரு?"

"சனியன்னு சொன்னீங்க. கைய உதறினீங்க. போய்ப் படுத்துக்கினீங்க."

"சுடுதுன்னு சொன்னேனா இல்லியா?"

சொன்னார்தான். அதை இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை, அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தூர் மிஷன் கோயிலில் ஆராதனை முடிந்து நைனா வீட்டில் சாப்பாடு. சித்தப்பா குடும்பமும் வந்திருந்தது. சாப்பிடும்போது என் கணவர் பங்காருபாளையத்துக் கதையை எடுத்தார். நன்றாகக் கதை சொல்வார். கூழ்க் கொப்பரை வந்தது, ஈ வந்தது, கணக்குப்பிள்ளை வந்தார், மெட்ராஸ் ரோட்டின் குழிகள்கூட வந்தன. "டிஸ்க்கத் தொட்டேன் பாருங்க, நெருப்பு! அங்கதான் நமக்கு பொறி தட்டுச்சு" என்றார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நைனா, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த என் நைனா, "மாப்பிள்ளைக்கு மூள வேல செய்யுது" என்றார்.

நான் கையைக் கழுவாமல் எழுந்து நின்றேன்.

"நைனா, அவருக்குப் பொறி தட்டல. எனக்குத் தட்டுச்சு. ஏசி இருந்துச்சான்னு கேட்டது நான். சூட்டுல கோடு போட்டது நான். இவரு வேணாம்னாரு. ஸ்விட்ச் போட்டவ சரியில்லன்னு முதலாளி சொன்னப்ப, இவரு சிரிச்சாரு. அத்தயும் சொல்லச் சொல்லுங்க."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "துன்ற எடத்துல இன்னாடி இது?" என்றாள். நான் உட்காரவில்லை. என் கணவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமாங்க, அவதான்" என்றார். அழுகிற குழந்தைக்குப் பொம்மையைக் கொடுத்து வாயை அடைப்பார்களே, அந்த மாதிரி ஒரு குரல். கேட்டதைக் கொடுத்துவிட்டார், ஆனால் கொடுத்த விதத்தில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நைனா என்னைப் பார்த்து, "உலோகம் விரியுங்கறத உனக்கு நான் சொல்லிக்குடுத்ததில்லையே?" என்றார். "பள்ளிக்கூடத்துல படிச்சேன் நைனா" என்றேன். அவ்வளவுதான் அந்த விஷயம் அங்கே.

திருப்பதிக்குத் திரும்பியதும் ஒரு முடிவு சொன்னேன். இனி கடையில் யார் வந்து கேட்டாலும் டாஸ், புரோகிராம் விஷயத்தை நான்தான் பேசுவேன், மிஷினை ஏற்றிக் கொடுக்கப் போவதும் நான்தான், தனியாக. "போ, பாக்கலாம்" என்றார். தடுக்கவில்லை. கோபத்தில் சொன்னாரா, நம்பிச் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அடுத்த வேலை சூளூர்பேட்டையில் வந்தது. மீன், இறால் வியாபாரம் செய்யும் ஒருவரின் கடைக்கு. பெட்டி ஒரு நாள் முன்னதாக லாரியில் போனது. காளஹஸ்தி வழியாக பஸ்ஸில் நான் போனேன், ஃப்ளாப்பி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மேஜை. போனவுடன் ஆன் செய்தேன். டாஸ் எழவில்லை. கடைக்காரர் முகம் சுருங்கியது. ஆனால் இந்த முறை திரையில் வந்த செய்தி வேறு. டிஸ்க் இருப்பதே மிஷினுக்குத் தெரியவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பட்டையான கேபிள் ஒன்று ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. லாரியில் வந்த ஆட்டத்தில் கழன்றிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினேன். மிஷின் எழுந்தது. கடைக்காரர் எனக்கு மோர் வரவழைத்தார். சாயந்தரம்வரை அவருடைய ஆளுக்கு எப்படி அடிப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சோறு வடித்து வைத்திருந்தார்.

"ஓடுச்சா?"

"ஓடுது. நீங்க மாட்டுன கேபிளு லூஸா இருந்துச்சு."

"நான் மாட்டுன கேபிளா? இருக்காது."

"இருந்துச்சு. நான்தான் அழுத்துனேன்."

"லாரிக்காரன் போட்டு ஆட்டியிருப்பான்."

"அத்த நீங்க யோசிச்சு இறுக்கக் கட்டியிருக்கணும்."

தட்டைப் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். சோறு ஆறிப்போகும்வரை சண்டை போட்டோம்.